கம்பளியும் கொங்காடையும்: ஆட்டுக்கிடையில் ஒரு ராத்திரி

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதல. ஆனி மாசம் கிடை, ஆடியில கடலை விதைப்பு, நடுவுல கிணத்து மோட்டார் வேற ரெண்டு தடவை மக்கர் பண்ணிருச்சு. இப்ப ஆவணி. முதல் களை வெட்டு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு.

ஆனியில எங்க அக்கா மகன் பெங்களூர்ல இருந்து வந்திருந்தான். முதுகுல ஒரு பெரிய பை. பிரிச்சுக் காட்டினான். ரெண்டு பேர் படுக்கிற கூடாரம், காத்தடைக்கிற மெத்தை, நெத்தியில கட்டிக்கிற லைட்டு, சுண்டு விரல் தடிமன்ல மடக்குக் கம்பி. "மாமா, பொன்னணியாறு அணைப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிட்டு வர்றேன், கேம்பிங்" என்றான். "அணைக்கு எதுக்குடா போகணும், நாளைக்கு நம்ம கொல்லையில கிடை போடுறாங்க, அங்கேயே உன் கூடாரத்தைப் போட்டுப் படு, நானும் வர்றேன்" என்று சொன்னேன். பையனுக்கு முதல்ல கொஞ்சம் யோசனைதான். அப்புறம் சரின்னான்.

நம்ம பக்கத்துக்காரங்களுக்குக் கிடைன்னா தெரியும். வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்லிடறேன். ஆட்டு மந்தையை ராத்திரி நம்ம நிலத்துல அடைச்சுப் போடுறதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு. கூலி ஆட்டுக்காரருக்கு. ஆட்டுக்காரரைக் கீதாரின்னு சொல்லுவாங்க. எங்க வையம்பட்டிப் பக்கம் வர்ற கிடை பெரும்பாலும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஆளுங்களோடது.

அவங்க வருசமே ஒரு சக்கரம் மாதிரி. மழைக்காலம் முடிஞ்சு சொந்த ஊர்ல புல் காயிற நேரத்துல, தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடியும். தாள் மேய அங்க போயிடுவாங்க. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி பூரா டெல்டாவுலதான். வயலுக்கு வயல் கிடை. அப்புறம் ஜூன் 12-ஆம் தேதி வந்தா மேட்டூர் திறக்கணும்னு ஒரு வழக்கம் இருக்கே, அந்தத் தண்ணி வாய்க்கால்ல எட்டிப் பார்க்கிறதுக்குள்ள இவங்க கிளம்பிடணும். வயல்ல சேறு அடிக்க ஆரம்பிச்சா ஆட்டுக்கு அங்க என்ன வேலை? நிறைய கிடை புதுக்கோட்டை வழியா நேரா ஊருக்குப் போயிடும். சில கிடை மட்டும் மேற்க மானாவாரிக் காடு பார்த்து எங்க பக்கம் ஒதுங்கும். எங்களுக்கும் அப்பதான் தேவை. ஆடிப் பட்டத்துக் கடலைக்கு முன்னாடி நிலம் சும்மா கிடக்கும்.

மேட்டூர் அணை கட்டி முடிச்சது 1934-ல. ஆனா கிடைக்காரங்க நடை அதுக்கும் ரொம்ப முந்தினது. எவ்வளவு முந்தினதுன்னு எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. பத்தாவதோட படிப்பை நிறுத்தினவன் நான். என் மக தமிழ் இலக்கியம் படிச்சா. அவ ஒருநாள் நற்றிணையில 142-ஆம் பாட்டை எடுத்துட்டு வந்து, "அப்பா, இதக் கேளுங்க, நம்ம கொல்லைக்கு வர்ற கீதாரியைத்தான் எழுதியிருக்கு" என்றா. எழுதினவர் பேரு இடைக்காடனார். அவ சொன்ன அர்த்தத்தை என் வார்த்தையில சொல்றேன்.

மழைக்காலத்துக் கடைசி நாள். ஒரு இடையன் ராத்திரி ஆட்டோட வெட்டவெளியில நிக்கிறான். உறி, நெருப்புக் கடையிற கோல், மத்த சாமான் போட்ட பை, எல்லாத்தையும் ஒரு தோல்ல சேர்த்துச் சுருட்டி வச்சிருக்கான். முதுகுல பனையோலைப் பாய். தூறல் அவன் ஒடம்புல ஒரு பக்கத்தை மட்டும் நனைக்குது. கோலை ஊனி, அதுமேல ஒரு காலை வச்சு, ஒடுங்கி நிக்கிறான். உதட்டை மடிச்சு ஒரு சீழ்க்கை அடிக்கிறான். ஆடுங்க வேற பக்கம் போகாம அங்கேயே அடங்குதுங்க.

இதுல என்ன என்னைப் பிடிச்சு நிறுத்துச்சுன்னா, அந்த 'ஒரு பக்கம் மட்டும் நனைக்குது'ங்கிற இடம். கிடையில நின்னவனுக்குத்தான் அது தெரியும். காத்து எந்தப் பக்கம் இருந்து சாரலைக் கொண்டு வருதோ அந்தப் பக்கம் முதுகைக் குடுத்து நிப்பாங்க. தோளும் ஒரு கையும் நனையும், மடி நனையாது. மடியிலதான் தீப்பெட்டி இருக்கும். அந்தக் காலத்துல தீக்கோல்.

பெரும்பாணாற்றுப்படையிலயும் இதே மாதிரி ஒரு இடம் வருது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதினது. முள் வெட்டிப் போட்ட வேலி, எரு மண்டின வளாகம், முளைக்குச்சியில நீளக் கயிறு, செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து படுத்திருக்கு, தோல் விரிச்சுப் படுத்திருக்கிற காவல்காரன். நான் சின்ன வயசுல பார்த்த பட்டி அப்படியேதான் இருந்துச்சு, தோலுக்குப் பதிலா சாக்கு.

எங்க அப்பா காலத்துக் கீதாரி கொண்டு வர்ற சாமானை எண்ணிடலாம். ஒரு கம்பளி. ஒரு சாக்கு. கம்பு ஒண்ணு, தொரட்டி ஒண்ணு. கிளை வெட்ட அருவா. அலுமினியச் சட்டி ரெண்டு, தூக்குச்சட்டி ஒண்ணு. தண்ணிக்குச் சுரைக்குடுக்கை. அரிக்கேன் விளக்கு. குட்டியை அடைக்கிற குடாப்பு. ஆட்டை அடைக்கிற படல். அவ்வளவுதான். இதை வச்சுக்கிட்டு வருசத்துல எட்டு மாசம் வானத்துக்கு அடியில படுத்தாங்க.

கம்பளியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கடையில விக்கிற மெத்து மெத்துன்னு இருக்கிற போர்வை இல்ல. ஆட்டு மயிரை நூத்து நெஞ்ச கருப்புக் கம்பளி. முதுகுல குத்தும். புதுசுல ஒரு வாடை வேற அடிக்கும். ஆனா நனைஞ்சாலும் சூடு விடாது. முரட்டு மயிருங்கிறதால தண்ணி முதல்ல மேல ஓடி வழிஞ்சிடும், உள்ள இறங்க நேரமாகும். எல்லா ஆட்டு மயிரும் இதுக்கு ஆகாது. ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், மேச்சேரி இதெல்லாம் கறிக்கு வளர்க்கிற ஆடு, கம்பளி நெய்யிற அளவுக்கு மயிர் கிடையாது. எங்க ஜில்லா பேர்லயே ஒரு ஆடு இருக்கு, திருச்சி கருப்பு. அதுக்குத்தான் கத்தரிக்கிற அளவுக்கு முரட்டு மயிர் இருக்கும்.

கொங்காடைங்கிறது இன்னும் எளிசு. கோணிச் சாக்கோட ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள்ள தள்ளி மடிச்சா கூம்பு மாதிரி வரும். அதைத் தலையில மாட்டினா முதுகு முழங்கால் வரைக்கும் மூடும். ரெண்டு கையும் சும்மா இருக்கும். குடை பிடிச்சுக்கிட்டு ஆடு ஓட்ட முடியுமா? கம்பளியையும் இதே மாதிரி மடிச்சுப் போட்டுக்குவாங்க. நற்றிணை இடையன் முதுகுல போட்டிருந்த ஓலைப் பாயும் இந்த வேலையைத்தான் செஞ்சிருக்கும்.

குடாப்பு கவுத்துப் போட்ட கூடை மாதிரி. விளாரை வளைச்சு, பனையோலை வேஞ்சு செய்வாங்க. பிறந்து பத்து, பதினஞ்சு நாள் ஆன குட்டிங்களை ராத்திரி அதுக்குள்ள விட்டு மூடி வைப்பாங்க. நரி தூக்காது, பெரிய ஆடு மிதிக்காது, பனி படாது. மனுசனுக்குக் கூடாரம் கிடையாது. குட்டிக்கு உண்டு.

கிடையில படுக்கிறதுன்னா தூங்குறதுன்னு நினைச்சுக்காதீங்க. எட்டு மணிக்கெல்லாம் ஆடு அடங்கிடும். அசை போடுற சத்தம் மட்டும் கேக்கும். நடுராத்திரி தாண்டி ஒரு தடவை எழுப்பி, இருந்த இடத்துல இருந்து பக்கத்து இடத்துக்குக் கிடையைத் திருப்புவாங்க. எழுந்ததும் எல்லா ஆடும் மூத்திரம் பெய்யும். அதுதான் கணக்கு. ஒரே இடத்துல விட்டா ஒரு பக்கம் உரம் குமிஞ்சு பயிர் கருகும், ஒரு பக்கம் சோகையா நிக்கும். திருப்பாம தூங்கிட்ட கீதாரியை மறு வருசம் யாரும் கூப்பிட மாட்டாங்க. என் அனுபவத்துல முந்நூறு ஆடு இருந்தா ஒரு ஏக்கருக்கு அஞ்சு ராத்திரி போதும். தொழு உரத்துல தழைச்சத்து நூத்துக்கு அரைப் பங்குதான் இருக்கும், ஆட்டுப் புழுக்கையில மூணு பங்கு வரைக்கும் இருக்குன்னு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துலயே சொல்றாங்க. ஆட்டெரு அந்த வருசமே கேக்கும், மாட்டெரு மறு வருசம்தான் கேக்கும்னு எங்க பாட்டி சொல்லும். ரெண்டும் ஒண்ணுதான்.

ஆடு காவலைப் பத்திச் சோழர் காலத்துக் கல்வெட்டுலயும் நிறைய வருது. கோயில்ல ஒரு நந்தா விளக்கு அணையாம எரியணும்னா அதுக்கு 96 ஆடு எழுதி வச்சிருக்காங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் கணக்குல ஆடுன்னா 96, பசுன்னா 48, எருமைன்னா 16. அந்த ஆட்டை இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க. அவர் நாளுக்கு ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டுல ஒரு பேரு இருக்கு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடாகாத ஆடு. கேட்க அழகா இருக்கு. ஆனா ஆடு சாகாம இருக்குமா? நரி தூக்கும், நோய் வரும், மழையில நனைஞ்சு விறைக்கும். கணக்குல மட்டும் 96 எப்பவும் 96-ஆ நிக்கணும். அப்ப குறையிறதை யார் சரிக்கட்டினது? ஆடு மேய்ச்சவர்தான். ஈன்ற குட்டியில இருந்து அவர் நிரப்பிக்கணும். விளக்கு வச்ச ராசா பேரு கல்லுல இருக்கு. மழையில நின்னு எண்ணிக்கையைக் காப்பாத்தினவர் பட்ட பாடு கல்லுல இல்ல.

இதை நான் சும்மா எழுதல. எனக்கே இதுல ஒரு கணக்கு பாக்கி இருந்துச்சு.

1994 ஆனி மாசம். அப்பா தவறி ரெண்டு வருசம். எனக்கு இருபத்தஞ்சு வயசு, நிலம் முதல் தடவையா என் கையில. அப்பா காலத்துல இருந்து வர்ற கீதாரி அந்த வருசமும் வந்தார். அஞ்சு ராத்திரி பேச்சு, ராத்திரிக்கு நாலு மரக்கா நெல்லு. மூணு ராத்திரி மேட்டுல போட்டாச்சு. நாலாவது ராத்திரி பள்ளத்துக் கொல்லையில போடணும். சாயங்காலம் மேற்க கடவூர் மலைப் பக்கம் கருக்கல் கட்டி மின்னுச்சு. அவர் வந்து, "தம்பி, இன்னைக்கு மட்டும் மேட்டுலயே போட்டுக்கிறேன், மழை வர்ற மாதிரி இருக்கு, குட்டி நிறைய இருக்கு" என்று கேட்டார். நான் முடியாதுன்னு சொன்னேன். பேசினது பேசினதுதான், பள்ளத்துலதான் போடணும், மேட்டுக்கு எரு போதும்னு சொன்னேன். வயசு அப்படி. அப்பா இருந்த இடத்துல நான் இருக்கேன்னு காட்டணும்கிற நினைப்பு வேற.

பத்து மணிக்குப் பிடிச்ச மழை ரெண்டு மணிக்குத்தான் விட்டுச்சு. நான் வீட்டுல படுத்திருந்தேன். ஓட்டு மேல மழை விழுற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. எழுந்து போகல. காலையில போய்ப் பார்த்தா பள்ளத்துல கணுக்கால் தண்ணி. குடாப்பைச் சுத்திச் சேறு. ஏழு குட்டிங்களை வரப்புல வரிசையா வச்சிருந்தாங்க. கீதாரி சம்சாரம் கொங்காடைச் சாக்கைப் பிழிஞ்சு காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் பேசல.

அதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் இன்னும் கேவலம். மழையில எரு எல்லாம் அடிச்சுட்டுப் போயிருச்சு, அதனால அந்த ராத்திரிக்குக் கூலி கிடையாதுன்னு மூணு ராத்திரி நெல்லை மட்டும் அளந்தேன். பன்னெண்டு மரக்கா. அவர் சாக்கைக் கட்டித் தூக்கிட்டுப் போயிட்டார். அஞ்சாவது ராத்திரி போடல. அம்மாவுக்கு விசயம் தெரிஞ்சு ரெண்டு நாள் என்கூடப் பேசல. "உங்கப்பன் அளந்தா கையால ஒரு குவி சேர்த்துப் போடுவான்"னு மட்டும் மூணாவது நாள் சொன்னுச்சு.

மூணு வருசம் அவர் எங்க ஊர்ப் பக்கமே வரல. அப்புறம் பக்கத்துக் கொல்லைக்காரர் கூப்பிட்டு வந்தார். என் நிலத்துலயும் போட்டார். அந்த ராத்திரியைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. வருசம் ஓடிப் போச்சு. நடுவுல பத்து வருசத்துக்கு மேல நான் மூட்டை உரத்துக்கே மாறிட்டேன், கிடையே போடல. மண்ணு இறுகி, கடலை புடுங்கினா காய் பாதி மண்ணுக்குள்ளயே அறுந்து நிக்கிற நிலைமை வந்தப்புறம்தான் திரும்பக் கூப்பிட்டேன். இந்த வருசம் வந்தப்ப அவருக்கு எழுபது இருக்கும். மகன் திருப்பூர்ல வேலை. கூட வந்தது மருமகனும் ஒரு சம்பள ஆளும்.

சரி, இந்த ஆனி ராத்திரிக்கு வர்றேன். ஆறு மணிக்கு ஆடு வந்துச்சு. இப்ப படல் கிடையாது, நைலான் வலைதான். நாலு பக்கம் குச்சி ஊனிக் கால் மணி நேரத்துல அடைச்சுட்டாங்க. குட்டியும் சட்டிபானையும் டாடா ஏஸ் வண்டியில வருது. அரிக்கேன் போயி டார்ச் லைட்டு. சுரைக்குடுக்கை போயி ரெண்டு லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டில். குடாப்பு மட்டும் இன்னும் இருந்துச்சு, ஓலைக்குப் பதிலா தார்ப்பாய் சுத்தி. கம்பளியும் இருந்துச்சு. அவர் அப்பா போட்டிருந்த கம்பளியாம். நாலஞ்சு இடத்துல ஒட்டு.

அக்கா மகன் கூடாரத்தை அடிச்சான். முளைக்கம்பி கடலைக்கொல்லை மண்ணுல இறங்கல, கல்லால தட்டி வளைச்சுட்டான். கடைசியில கீதாரி மருமகன் வேலங்குச்சி சீவிக் குடுத்தான், அது இறங்குச்சு. உள்ள ஒரே புழுக்கம்னு ஒன்பது மணிக்கே பையன் வெளிய வந்து எங்க சாக்குல உட்கார்ந்துட்டான். ஒரு கிடா வலை ஓரமா வந்து கூடாரத்துக் கயித்தை மென்னு பார்த்துச்சு.

சோறு ஆனப்புறம் நான் கம்பளியை வாங்கிப் போத்திக்கிட்டேன். ஆனியில குளிர் இல்லதான், ஆனா மேகாத்து விடாம அடிக்கும், விடியக்காலம் ஒடம்பு விறுவிறுன்னு ஆகும். திண்டுக்கல் பக்கம் போற ரயில் சத்தம் கேட்டுச்சு. இந்தப் பாதை 1875-ல போட்டது. அப்ப கிடையில படுத்திருந்தவங்க முதல் தடவை அந்த வெளிச்சத்தைப் பார்த்து என்ன நினைச்சிருப்பாங்கன்னு எனக்கு அடிக்கடி தோணும். ரயிலாவது வந்துட்டுப் போயிடும். இப்ப நாலு வழிச்சாலைதான் கிடைக்காரங்களுக்குப் பெரிய இம்சை. நடுவுல சுவர், ரெண்டு பக்கமும் நிக்காம லாரி. முந்நூறு ஆட்டை அந்தப் பக்கம் கடத்த ஒரு மணி நேரம் ஆகுதாம். பாலத்துக்கு அடியில போற வழி தேடி நாலு கிலோமீட்டர் சுத்துறாங்க.

காட்டுப் பக்கம் போகலாம்னா அதுவும் முடியாது. 1882-ல வெள்ளைக்காரன் மெட்ராஸ் வனச் சட்டம் போட்டு மலையைச் சுத்திக் கல்லு நட்டதுல இருந்தே மேய்ச்சல் குறைஞ்சுக்கிட்டு வருது. 2022-ல கடவூர் மலையைத் தேவாங்குச் சரணாலயமா அறிவிச்சாங்க, கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 11,806 ஹெக்டேர். தேவாங்கு பொழைக்கட்டும், எனக்குச் சந்தோசம்தான், சின்ன வயசுல அந்த உருட்டு முழியைப் பார்த்திருக்கேன். ஆனா மேய்ச்சக்காரன் எங்க போவான்னு கேட்க ஆள் இல்ல.

ஸ்பெயின் தேசத்துல இதுக்கு வேற மாதிரி மரியாதை. 1273-லயே அங்க ஆட்டுக்காரங்களுக்குன்னு ஒரு பெரிய சங்கத்துக்கு ராசா பட்டயம் குடுத்திருக்கார், மெஸ்தான்னு பேரு. ஆடு நடக்கிற பாதை இன்னைக்கும் சட்டத்துல இருக்கு. வருசா வருசம் மாட்ரிட் நகரத்து நடுவுல ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டுப் போறாங்க. 1418-ல போட்ட ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மரவெடி காசுன்னு நகராட்சிக்குப் பழைய காசைக் கட்டிட்டுப் போவாங்களாம். மந்தையோட பருவத்துக்குப் பருவம் இடம் மாறுற வழக்கத்தை யுனெஸ்கோ 2019-ல பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு, 2023-ல இன்னும் பல நாட்டைச் சேர்த்தாங்க. ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலத்துக்கும் மேய்ச்சக்காரங்களுக்குமான வருசம்னு அறிவிச்சிருக்கு. இதெல்லாம் கீதாரிகிட்ட சொன்னேன். "அங்க நாய்த் தொந்தரவு உண்டா?"ன்னு கேட்டார். பதில் தெரியல.

நாய்தான் இப்ப அவங்களுக்கு நரி. அவங்க அப்பா காலத்துல ஓநாய்க்கும் நரிக்கும் பயந்தாங்க. இப்ப ரோட்டோரக் கறிக்கடைக் கழிவைத் தின்னு பழகின நாய்ங்க கூட்டமா வருது. காங்கேயம், சென்னிமலைப் பக்கம் பட்டிக்குள்ள புகுந்து ஆட்டைக் கடிச்சுப் போட்டதை எல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அன்னைக்கும் ஒரு மணி போல அஞ்சாறு வந்துச்சு. கீதாரி எழுந்திருக்கல, படுத்தபடியே உதட்டை மடிச்சு ஒரு சீழ்க்கை. ஆடு எல்லாம் ஒரே இடமா நெருங்கி நின்னுச்சு. அப்புறம்தான் எழுந்து கம்பை எடுத்தார். மருமகன் கல்லை விட்டு எறிஞ்சான். நாய்ங்க போயிருச்சு. அக்கா மகன் நெத்தி லைட்டைப் போட்டுக்கிட்டு, "மாமா, அந்தப் பாட்டுல வந்த விசில் இதுதானா?"ன்னான். சாயங்காலம் நான்தான் நற்றிணைக் கதையைச் சொல்லியிருந்தேன்.

எப்படியும் எழுந்தாச்சுன்னு கிடையைத் திருப்பினாங்க. திருப்பி முடிச்சு உட்கார்ந்தப்ப மணி ரெண்டு. பள்ளத்துக் கொல்லை அங்க இருந்து பார்த்தா தெரியும். நிலா வெளிச்சம் இருந்துச்சு. எனக்கு அதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல.

"அண்ணே, தொண்ணூத்தி நாலுல அந்தப் பள்ளத்துல உங்க குட்டி ஏழு செத்துச்சே…"

"ஏழு இல்ல தம்பி. ஒம்போது. ரெண்டு மறுநாள் பொழுது சாயத்தான் போச்சு. அது உங்களுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. நான் செஞ்சது தப்புன்னு சொன்னேன். மேட்டுல போட விட்டிருக்கணும், கூலியையும் குறைச்சிருக்கக் கூடாது, என்ன செய்யணுமோ சொல்லுங்கன்னு கேட்டேன். அவர் அதெல்லாம் பரவாயில்லன்னு சொல்லுவார்னு மனசுக்குள்ள ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு. அவர் அப்படிச் சொல்லல.

"நாலாவது ராத்திரிக் கூலி பாக்கிதான். அதக் குடுங்க."

"குட்டிக்கு?"

"குட்டிக்கு நீங்க எதுவும் குடுக்க முடியாது. அது மழைக்குச் செத்துச்சு. மேட்டுல போட்டிருந்தா பொழைச்சிருக்கும், அதுவும் நெசந்தான்."

"அன்னைக்கு வெலைக்கா, இன்னைக்கு வெலைக்கா?"

அப்பதான் சிரிச்சார். "நெல்லு அன்னைக்கும் நெல்லு, இன்னைக்கும் நெல்லு. நாலு மரக்கா."

நான் இப்ப நெல்லு போடுறதில்ல. தண்ணி இல்ல. காலையில வீட்டுக்குப் போய், கிழவி காலத்து மரக்காலைப் பரண்ல இருந்து எடுத்துத் தொடைச்சு, நாலு மரக்கா நெல்லுக்குப் பதிலா கடலை அளந்தேன். அவர்தான் கடலையாக் குடுங்க, பேரப்புள்ளைங்க திங்கும்னு சொன்னார். ஒவ்வொரு மரக்காலுக்கும் மேல ஒரு குவி வச்சேன். இந்த வருசத்துக் கூலி தனியா, ராத்திரிக்கு ஆட்டுக்கு ரெண்டு ரூபா கணக்கு, அஞ்சு ராத்திரிக்கு மூவாயிரம். எண்ணிப் பார்த்துத்தான் மடியில வச்சார்.

கி.ராஜநாராயணன் 'கிடை'ன்னு ஒரு குறுநாவல் எழுதியிருக்கார், அதை வச்சுத்தான் அம்ஷன் குமார் 2003-ல 'ஒருத்தி'ன்னு படம் எடுத்தார். சு.தமிழ்ச்செல்வி எழுதின 'கீதாரி' நாவலும் இருக்கு. கிடைத் தெரியாதவங்க அதைப் படிங்க, நான் எழுதினதை விட நல்லாவே இருக்கும்.

அக்கா மகன் கிளம்புறப்ப கூடாரத்தை மடிச்சான். கீதாரி வந்து துணியை ரெண்டு விரலால தேய்ச்சுப் பார்த்தார். "தண்ணி உள்ள வராதா?"ன்னு கேட்டார். வராதுன்னான். "குட்டி இருபது புடிக்கும்"னார். பழசு ஏதாவது கிடைச்சா அடுத்த தடவை கொண்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். இன்னும் கொண்டு வரல, போன் பண்ணும்போது ஞாபகப்படுத்தணும்.

இப்ப கடலை முளைச்சு முப்பது நாள் ஆகுது. கிடை போட்ட இடம் எல்லாம் கருகருன்னு பச்சை பிடிச்சு நிக்குது. திருப்பின இடம் எது, திருப்பாத இடம் எதுன்னு வரப்புல நின்னு பார்த்தாலே தெரியும். பள்ளத்துக் கொல்லையிலயும் நல்லா இருக்கு. கூடாரம் போட்டிருந்த இடம் மட்டும் ஒரு பாய் அளவுக்குச் சதுரமா வெளுத்துத் தெரியுது.